தருமபுரியில் சங்கப் பாடலைச் சுவர்ப்படமாக அச்சிடக் கொடுப்போர் கவனத்திற்கு

புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டின் கூடத்துச் சுவரில், 'நாடா கொன்றோ காடா கொன்றோ' என்று தொடங்கும் ஔவையாரின் புறநானூற்று 187ஆம் பாடலை எழுத்தோவியமாக மாட்ட விரும்பினேன். அதியமானைப் பாடியவரின் பாட்டு அவனுடைய தகடூரில் (இன்றைய தருமபுரியில்) இருப்பது பொருத்தம் என்பதோடு, நான்கே அடிகள் ஆகையால் 24க்கு 36 அங்குலப் படத்தில் எழுத்துகள் பெரிதாக நிற்கும் என்பதும் ஒரு காரணம்.

நகரில் உள்ள ஓர் அச்சகத்தார், கேன்வாஸ் துணியில் அச்சிட்டுத் தேக்குச் சட்டமிட்டுத் தருவதாகக் கூறி ரூ.4,800 கேட்டார். கைப்பேசியில் அவர் காட்டிய மாதிரி பிழையின்றி இருந்ததை நம்பி முழுத் தொகையையும் முன்னதாகவே கொடுத்தேன். அது அவர் அச்சிட்டதே அன்று, இணையத்தில் எடுத்த படம் என்பது பின்னர்தான் தெரிந்தது.

புதுமனை புகுவிழாவுக்கு முதல் நாள் மாலை வந்து சேர்ந்ததோ, பேனருக்குப் பயன்படும் ஃபிளெக்ஸைப் பலகையில் ஒட்டிய ஒரு பொருள். மை நாற்றம் கூடம் முழுவதும் பரவியது. பின்னணிக்காக நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நெல்லிக்கிளைப் படத்தின் நீளம் 1600 பிக்சல்; அதையே 36 அங்குலத்துக்கு இழுத்ததால் அங்குலத்துக்கு 44 பிக்சல்தான் கிடைத்து, நெல்லிக்கனிகள் பச்சைக் கட்டங்களாகத் தெரிந்தன.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகே சென்று, "என்னப்பா இது, கொம்பெல்லாம் ஊர் மாறிப் போயிருக்கிறது?" என்றார். தமிழ் எழுத்துகளைக் கோக்கும் முறைக்கு ஏற்ப அமைக்கப்படாத வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு வரிகளை ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும். 'கொன்றோ' என்னும் சொல் நான்கு முறை வரும் பாடலில், 'மிசையா', 'நல்லை' ஆகியவற்றையும் சேர்த்து 10 இடங்களில் இப்படி ஆகியிருந்தது. புலவர் பெயரிலோ 'ஔ' என்னும் ஓரெழுத்து, 'ஒ', 'ள' என இரண்டாகப் பிரிந்து நின்றது. (இந்தப் பிழையை அச்சிட்ட நூல்களிலேயே காண்கிறோம் என்பது வேறு கதை.)

மறுவாரம் கடைக்குச் சென்று கேட்டபோது, "இதை யார் சார் நின்று படிக்கப்போகிறார்கள், சுவருக்கு எடுப்பாகத்தானே இருக்கிறது?" என்றார் அவர். பணம் போனதைவிட அந்தச் சொல்தான் எனக்கு அதிகம் வலித்தது. ரசீதில் 'படம் 1' என்று மட்டுமே எழுதியிருந்ததால், கேன்வாஸ் என்று சொல்லவே இல்லை என அவர் எளிதாக மறுத்துவிட்டார்.

ஆகவே அச்சிடக் கொடுப்பவர்கள் துணியா, தாளா, என்ன அளவு, என்ன சட்டம் என்பதையெல்லாம் ரசீதில் எழுதி வாங்குங்கள். சிறிய தாளில் அச்சிட்ட மாதிரியை, பாடலை அறிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு, ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. கைப்பேசியில் அவர் காட்டிய மாதிரியை அன்றே கேட்டு வாங்கி வைத்திருந்ததால், அதையும் சுவரில் மாட்டிய படத்தின் நிழற்படத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.