பிரித்துவிட்டு விற்பதா, மனைகளாக்கிவிட்டுப் பிரிப்பதா?

தகப்பனார் விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் புஞ்சை, சதுரமான நிலம், கிழக்கே மட்டும் தார்ச்சாலை, நான்கு வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி, ஆளுக்கு 50 சென்ட்டாக அளந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிக்கொள்வதே பலருக்கும் தோன்றும் வழி. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் எல்லோருக்கும் சாலை முகப்பு கிடைக்கும்படி பிரித்தால், ஒவ்வொரு கூறும் ஏறக்குறைய 74 அடி அகலமும் 295 அடி நீளமும் கொண்ட பட்டையாகிவிடும். அதற்குள் 24 அடிச் சாலை விட்டால் மூன்றில் ஒரு பங்கு நிலம் சாலைக்கே போய்விடும். நான்கையும் சேர்த்து ஒரே மனைப்பிரிவாக (லேஅவுட்) போட்டால் இரண்டு சாலைகள் போதும், சாலைக்கான இழப்பு ஆறில் ஒரு பங்குதான். எங்கள் குடும்பத்தில் இந்தக் கணக்கைப் போடாமலேயே கூறுபோட்டுவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தன் பங்கைத் தனியே மனைகளாக வெட்டி விற்க நினைப்பவருக்கும் அரசின் மனைப்பிரிவு அங்கீகாரம் தேவை. 20.10.2016-க்குப் பின் உருவான அங்கீகாரமற்ற மனைகளைச் சார்பதிவாளர் பதிய மாட்டார்.

கூட்டாக விற்றுப் பணத்தைப் பங்கிடுவதில் வேறு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் நால்வரும் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்குப் பொது அதிகாரம் தர வேண்டும். இடையில் ஒருவர் காலமானால் அவருடைய வாரிசுகள் அனைவரும் உள்ளே வருவார்கள்.

ஆகவே நான் பரிந்துரைப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி: நால்வரும் சேர்ந்து மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் பெற்று, சாலைகளை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்து, பிறகு மனை எண்களைக் குறிப்பிட்டுப் பாகப்பிரிவினை செய்துகொள்வது. சாலையோர மனையும் கடைசி மனையும் எல்லோருக்கும் கலந்து கிடைக்கும், விற்கும்போது மற்றவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டது என்பதால், விற்பனையை அறிவிக்கும் முன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவதும் அவசியம்.

ஒருவர் ஒத்துவராவிட்டால் பாகப்பிரிவினை வழக்குதான் வழி. முதனிலைத் தீர்ப்பு, நீதிமன்றம் நியமிக்கும் ஆணையரின் அளவீடு, இறுதித் தீர்ப்பு என்று அது ஆண்டுக்கணக்கில் நீளும். நிலத்தைப் பிரிப்பது நியாயமாக அமையாது என்று நீதிமன்றம் கருதினால், பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்கும்போது, 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்பனைக்கே உத்தரவிடலாம். அப்போது மற்றவர்கள், விற்பனை கேட்டவர்களின் பங்கை மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளக் கோரலாம்.

எந்த வழியானாலும், திருமணம் எந்த ஆண்டில் ஆகியிருந்தாலும், சகோதரிகளின் உரிமையை முதலிலேயே கணக்கில் சேருங்கள். கிணறும் மின் இணைப்பும் யாருக்கு என்பதையும் பத்திரத்திலேயே எழுதுங்கள்.