ஆன்கியில் ஆங்கிலச் சொற்கள்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பையருக்கு (துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு) மெயில் போடும் திருப்பூர் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்) ஆகட்டும், கோவையில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பவர் ஆகட்டும், உயர்நிலைச் சொற்களை மனதில் நிறுத்த ஆன்கி செயலியைத் தயங்காமல் சொல்வேன். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று கார்டுகளைக் காட்டி, மறக்கும் முன் இடைவெளி விட்டு மறுபடி கேட்கும் செயலி இது. ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒருமுறை காசு கட்ட வேண்டும். ஆனால் யாரோ செய்துவைத்த டெக்கை (கார்டுத் தொகுப்பை) இறக்கி அப்படியே ஓட்டினால் சொல் தெரியும், வாக்கியம் வராது.

காரணம் கார்டின் அமைப்பு. ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான தேர்வு) சொற்களுக்கான ரெடிமேட் டெக்குகளில் பெரும்பாலும் முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். 'மிட்டிகேட்' என்று பார்த்ததும் 'தணித்தல்' என்று தோன்றும், நினைவிருக்கிறது என்று 'குட்' பட்டனை அழுத்திவிடுவோம். மெயில் எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் கைக்கு வராது. பார்த்து அடையாளம் காண்பது வேறு, தானாக எடுத்துப் போடுவது வேறு. எதைப் பழக்குகிறோமோ அதுதான் வளரும்.

அதனால் கார்டை நாமே செய்ய வேண்டும். 'க்ளோஸ்' (கோடிட்ட இடம் நிரப்பும்) வகையைத் தேர்ந்து, வேலையில் நிஜமாக எழுதக்கூடிய வாக்கியத்தைப் போட்டுச் சொல்லை மறைக்கவும்: 'வீ புக்ட் ஏர் ஃப்ரெய்ட் டு ____ தி இம்பாக்ட் ஆஃப் தி டையிங் டிலே.' முதல் எழுத்தைக் குறிப்பாகக் கொடுப்பது கட்டாயம். இல்லாவிட்டால் 'ரெட்யூஸ்', 'லெசன்' (இரண்டும் குறைத்தல்தான்) எல்லாமே பொருந்தும். சரியாகச் சொல்லியும் தப்பாகும். பின்பக்கத்தில் உச்சரிப்பு ஒலி, கூடவரும் சொற்கள் (ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட்), பிறகு 'எது வராது' என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரிதான் தமிழ் பேசுகிறவர்களுக்கு உயிர். நமக்கு 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பது இயல்பு. அதனால் 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' தானாக ஒட்டிக்கொள்ளும். அங்கே அது வேண்டாம். 'கம்ப்ரைசஸ்' பின்னால் 'ஆஃப்' போடுவதும் இதே ரகம். 'பேர்போன' என்பதை நாம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் சொல்வோம். 'நொட்டோரியஸ்' கெட்டதுக்கு மட்டும். 'வீ ஆர் நொட்டோரியஸ் ஃபார் குவாலிட்டி' என்று பையருக்கு மெயில் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்க!

அளவு: செயலி ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டு என்று வைத்திருக்கும். அதை 5 ஆக்குங்கள். 20ஐ அப்படியே விட்டால் சில வாரங்களில் தினசரி ரிவ்யூ (மறுபடி கேட்கும் பழைய கார்டுகள்) நூறைத் தாண்டிவிடும். ஷிப்மெண்ட் வாரமோ மாரியம்மன் நோம்பியோ வந்து நாலு நாள் விட்டுப்போனால் குவியலைப் பார்த்தே பலர் செயலியை அழித்துவிடுகிறார்கள். குவிந்துவிட்டால் புதுக் கார்டை 0 ஆக்கி, பழையதை முடித்துவிட்டுப் பிறகு திறக்கலாம். ஒரே பொருள் தரும் சொற்களை ஒரே வாரத்தில் சேர்க்கவும் வேண்டாம், ஒன்றோடொன்று குழம்பும்.

ஒரு கார்டை மறுபடி எப்போது காட்டுவது என்று கணக்கிடும், 2023-இல் ஆன்கிக்குள் வந்த எஃப்எஸ்ஆர்எஸ் கணக்குமுறையை செட்டிங்கில் போட்டுக்கொள்வது நல்லது. அதில் ஒரு கண்டிப்பு: மறந்துபோன கார்டுக்கு 'அகெய்ன்' தான் அழுத்த வேண்டும். 'ஹார்ட்' என்றால் சிரமப்பட்டு நினைவு வந்தது என்று பொருள். மறந்ததற்கு அதை அழுத்தினால் இடைவெளிகள் எல்லாம் தாறுமாறாக நீளும். ஒரு கார்டு 8 முறை தவறினால் செயலி அதை 'லீச்' (நேரத்தை உறிஞ்சும் அட்டை) என்று குறித்துவைக்கும். அதை மறுபடி ஓட்டுவதில் பயனில்லை, வாக்கியத்தையே மாற்றி எழுத வேண்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு. நாம் எழுதிய வாக்கியம் சரியா என்று ஆன்கி பார்க்காது. தப்பான வாக்கியத்தைப் போட்டால் அதையே ஆழமாகப் பதிய வைத்துவிடும். கார்டாக்கும் முன் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் என ஏதாவது ஒரு லேர்னர்ஸ் அகராதியின் (ஆங்கிலம் கற்பவர்களுக்கானது) இலவச இணையப் பக்கத்தில் அந்தச் சொல்லின் எடுத்துக்காட்டுகளைப் படித்து, அதே அமைப்பில் நம் வாக்கியத்தைக் கட்டுங்கள்.

பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இது உதவாது. ஆறு மாதமாவது கையில் இருந்தால் தொடங்கலாம்.