தடைதாண்டும் குதிரை: யாரிடம் வாங்கலாம்?

தடைதாண்டப் பழகிய முதல் குதிரையைத் தேடுகிறவர், பக்கத்திலேயே விசாரித்தால் நான்கு வகை விற்பனையாளர்களைச் சந்திக்கலாம்: வியாபாரி, இனவிருத்திப் பண்ணைக்காரர், பந்தயத்தை விட்ட குதிரையைக் கைமாற்றுகிறவர், தான் ஓட்டிய குதிரையை விற்கும் சவாரிக்காரர். என் தேர்வு கடைசி ஆள்தான்.

வியாபாரியிடம் ஒரே காலையில் ஐந்தாறு குதிரைகளில் ஏறிப் பார்த்துவிடலாம். ஆனால் சில வாரங்களுக்கு முன் லாயத்துக்கு வந்த குதிரையின் பழைய கதை அவருக்கே முழுதாகத் தெரியாது. நல்ல வியாபாரி அதை மறைக்க மாட்டார். ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவதாக எழுதியும் கொடுப்பார். எழுதித் தரத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

பண்ணையில் பரம்பரை தெளிவாகத் தெரியும். ஹோல்ஸ்டைனர், செல் பிரான்சே போன்ற இனங்களில் தாண்டும் திறனுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மூன்று வயதுக் குதிரை சேணமில்லாமல் தடைக்கு மேலே மிதப்பதைப் பார்த்தால் யாருக்கும் மனம் பறிபோகும். அங்கேதான் நிதானம் வேண்டும். அதன் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்தாறு வயதாகும். ஒலிம்பிக் போட்டியில் ஒன்பது வயது நிரம்பாத குதிரைக்கு இடமே இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைப் பழக்கக் கைதேர்ந்தவர் தேவை. புதிய சவாரிக்காரரும் இளம் குதிரையும் சேர்ந்தால் ஒருவரிடமிருந்து மற்றவர் பயத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

பந்தயக் குதிரை மலிவாகக் கிடைக்கும். துணிச்சலும் மூச்சும் தாராளம். வாங்கச் சொல்கிறவர்கள் உவாசோவைச் சொல்வார்கள்: பந்தயத்தில் சோபிக்காத அந்தக் குதிரை 1949இல் சிலி நாட்டின் வீன்யா தெல் மார் நகரில் 2.47 மீட்டர் தாண்டியது. அந்த உலக சாதனை இன்றும் நிற்கிறது. ஆனால் அதன்மேல் அமர்ந்திருந்தவர் ஆல்பெர்த்தோ லர்ராகிபெல், இராணுவக் குதிரைப்படையில் தேர்ந்த அதிகாரி. அப்படியொருவர் உங்களுக்குக் கற்றுத்தருகிறார் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் முன்னங்காலின் பின்புறத் தசைநாணில் பழைய வீக்கத் தடிப்பும், பந்தயக் குதிரைகளுக்குச் சகஜமான வயிற்றுப்புண்ணும், கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகமெடுக்கும் பழக்கமும் உங்கள் தலையில் விழும்.

உவாசோ பற்றி நான் திரும்பத் திரும்ப நினைப்பது வேறு ஒன்று. அந்தத் தாண்டலின்போது அதற்கு வயது சுமார் 16. பன்னிரண்டு வயதைத் தாண்டிய குதிரையைக் கிழடு என்று ஒதுக்குகிறவர்கள், சொல்லிக்கொடுக்கக்கூடிய குதிரையைத்தான் ஒதுக்குகிறார்கள். தடைக்கு முன் நீங்கள் தடுமாறினாலும் அடியை அளந்து வைத்து உங்களைக் கரைசேர்ப்பது அதுதான். அப்படிப்பட்ட குதிரை பெரும்பாலும் சவாரிக்காரரிடமே இருக்கும்: மகள் படிக்கப் போய்விட்டாள், அல்லது அவர் இன்னும் உயரமான தடைகளுக்குப் போக நினைக்கிறார். விற்கும் காரணத்தைக் கேளுங்கள், போட்டிப் பதிவுகளோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

விற்பவர் பக்கத்தில் இருப்பதன் முழுப் பலனும் இங்கேதான் கிடைக்கும். ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே போய், சேணம் கட்டுமுன் மார்பைத் தொட்டுப் பாருங்கள். சூடும் வியர்வையும் இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டிக் களைப்பேற்றியிருக்கலாம். வேறொரு நாள், வேறொரு வேளையில் மறுபடி போங்கள். அந்தக் குதிரைக்கு லாடம் அடிப்பவரிடம் பேச முடிந்தால் பேசுங்கள். கால்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பார்த்தே ஆக வேண்டும். விற்பவரின் மருத்துவர் வேண்டாம், நீங்கள் அழைத்துவரும் மருத்துவர் பார்க்கட்டும். காலை மடக்கிப் பிடித்திருந்துவிட்டு உடனே ஓடவிடும் சோதனையோடு, வலி மறைக்கும் மருந்து தரப்பட்டிருக்கிறதா என்று பின்னால் பார்க்க இரத்த மாதிரியும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வயதான குதிரையின் மூட்டில் கொஞ்சம் இறுக்கம் தெரிந்தால் பதறாதீர்கள். "வாரம் இரண்டு நாள், ஒரு மீட்டர் தடைக்கு இது தாங்குமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.