சிஐபில்ட்வீல் 3: வீல் கட்டித் தரும், உள்ளே போவதை நாம்தான் பார்க்க வேண்டும்

பைத்தான் லைப்ரரியை நேரடியாக நிறுவத்தக்க பொதிக் கோப்பாக, அதாவது 'வீல்' ஆக, ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் கட்டித் தரும் கருவி சிஐபில்ட்வீல். பைத்தானில் மட்டும் எழுதிய லைப்ரரிக்கு அது தேவையே இல்லை. 'பில்ட்' கருவியை ஒருமுறை ஓட்டினால் எல்லா இயங்குதளத்துக்கும் பொருந்தும் ஒரே வீல் கிடைத்துவிடும். சி, சி++ நிரல் உள்ளே வந்த பிறகுதான் தலைவலி தொடங்குகிறது. ஐந்து பைத்தான் பதிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸில் மேனிலினக்ஸ் (உபுண்டு, டெபியன் போன்றவற்றுக்கு), மசல்லினக்ஸ் (ஆல்பைன் போன்றவற்றுக்கு) என இரண்டு வகை. ஒவ்வொன்றும் இன்டெல், ஆர்ம் என இரண்டு சிப்புக்கு. மேக்குக்கு இரண்டு, விண்டோஸுக்கு ஒன்று. ஆக, ஒரு வெளியீட்டுக்கு 35 வீல். கையாலும் கட்டலாம்தான், அப்படிக் கட்டியவர்கள் அடுத்த வெளியீட்டுக்குள் இந்தக் கருவியைத் தேடி வந்துவிடுவார்கள்.

பைத்தான் பொதியாக்கக் குழுவின் குடையின் கீழ் வளரும், பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கும் இலவசக் கருவி இது. அமைப்புகள் பைப்ராஜெக்ட் டாம்ல் கோப்பிலேயே இருக்கும். லினக்ஸில் மேனிலினக்ஸ் கன்டெய்னரை (தனித்து ஓடும் சிறு லினக்ஸ் சூழல்) இறக்கி, புராஜெக்ட்டை அதற்குள் நகலெடுத்து, ஒவ்வொரு பைத்தானுக்கும் கம்பைல் செய்து, 'பழுதுபார்க்கும்' படியாக, சார்பு லைப்ரரிகளை வீலுக்குள் சேர்க்கும் ஆடிட்வீலிடம் கொடுத்து, கடைசியில் புதிய மெய்நிகர் சூழலில் நிறுவிச் சோதிக்கிறது. இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் படி. சோதனை மூலக் கோப்புறைக்கு வெளியே நடப்பதால், வீலுக்குப் பதிலாகப் பக்கத்தில் கிடக்கும் மூலநிரல் இம்போர்ட் ஆகி 'எல்லாம் சரி' என்று ஏமாற்ற வழியில்லை. சோதனைக் கட்டளை எழுதாமலே இதைப் பயன்படுத்தும் புராஜெக்ட்டுகள் உண்டு. அவர்கள் கருவியின் பாதிப் பயனை வாசலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

முதல் நாள் தவறு பெரும்பாலும் 'பிஃபோர்-ஆல்', 'பிஃபோர்-பில்ட்' குழப்பம்தான். முன்னது ஒரு கன்டெய்னருக்கு ஒருமுறை ஓடும், பின்னது ஒவ்வொரு வீலுக்கும் ஓடும். சார்பு லைப்ரரியைக் கம்பைல் செய்யும் கட்டளையைப் பின்னதில் போட்டால் அதே லைப்ரரி ஐந்து முறை கம்பைல் ஆகும். மேனிலினக்ஸில் 'யம்' வைத்து எழுதிய கட்டளை மசல்லினக்ஸில் விழுந்துவிடும், ஏனென்றால் அந்தக் கன்டெய்னர் ஆல்பைன், அங்கே 'ஏபிகே'. மசல்லினக்ஸுக்கு 'ஓவர்ரைட்ஸ்' பகுதியில் தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். வெளியே வைத்த சூழல் மாறிகளும் கன்டெய்னருக்குள் தானாக வராது. 'என்விரான்மென்ட்-பாஸ்' பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் சிஐ சர்வரில் (தானியங்கியாகக் கட்டிச் சோதிக்கும் சர்வர்) தள்ளித் தள்ளிப் பார்க்காமல், டாக்கர் உள்ள சொந்தக் கணினியிலேயே '--ஒன்லி' விருப்பத்துடன் ஒரே ஒரு வீலைக் கட்டிப் பார்ப்பது நல்லது. ஒரு பிழைக்கு இருபது நிமிடம் காத்திருக்கும் பாடு மிச்சம்.

இனி ஆடிட்வீல். லினக்ஸில் உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது. கம்பைல் ஆன கோப்பு எந்தெந்தப் பகிர்வு லைப்ரரியைக் கேட்கிறது என்று படித்து, எல்லா லினக்ஸிலும் இருக்கும் என்று நம்பத்தக்க சிலவற்றை (சி லைப்ரரி, சி++ இயக்க லைப்ரரி போன்றவை) விட்டுவிட்டு, மற்றவற்றை வீலுக்குள் ஒரு '.லிப்ஸ்' கோப்புறையில் நகலெடுக்கிறது. நகலின் பெயரில் ஒரு ஹேஷ் துண்டை ஒட்டி, தேடும் பாதையையும் திருத்திவிடுகிறது. இரண்டு வீல்கள் ஒரே லைப்ரரியின் வெவ்வேறு பதிப்பைக் கொண்டு வந்தாலும் பெயர் மோதாமல் இருக்க இந்த ஏற்பாடு. நேர்த்தியான யோசனை.

ஆனால் அது படிப்பது கோப்பின் தலைப்பில் எழுதியிருக்கும் சார்புப் பட்டியலை மட்டுமே. ஓடும்போது 'டிஎல்ஓபன்' மூலம் ஏற்றப்படும் லைப்ரரி அதன் கண்ணில் படாது. தரவுக் கோப்புகளும் அப்படியே. வரைபடக் கணக்குகளுக்கான புரோஜ் லைப்ரரி 'புரோஜ்.டிபி' என்ற தரவுக் கோப்பு இல்லாமல் ஆயத்தொலைவு மாற்றம் செய்யாது. ஆடிட்வீல் லைப்ரரியை உள்ளே வைக்கும், டிபியை விட்டுவிடும். கட்டிய கணினியில் அந்தக் கோப்பு பழைய இடத்திலேயே இருப்பதால் சோதனையும் தேறிவிடும். பயனரிடம் போய்த்தான் உடையும். இப்படிப்பட்ட கோப்புகளை பேக்கேஜ் தரவாக நாமே சேர்த்து, இம்போர்ட் ஆகும்போது பாதையைச் சொல்லித் தர வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று, கண்டுபிடிக்க இன்னும் கடினம். இணையத் தொடர்புக்கான லிப்கர்ல் லைப்ரரி கம்பைல் ஆகும்போதே சான்றிதழ்க் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்தப் பாதையைத் தனக்குள் எழுதிக்கொள்ளும். மேனிலினக்ஸ் கன்டெய்னர் ரெட்ஹேட் வழி வந்தது. அங்கே சான்றிதழ்கள் 'பிகேஐ' கோப்புறைக்குள் இருக்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் அவை வேறிடத்தில். விளைவு, வீல் அழகாக நிறுவப்படும், இம்போர்ட்டும் ஆகும், முதல் எச்டிடிபிஎஸ் அழைப்பில் சான்றிதழ் பிழை. சான்றிதழ்க் கோப்பைத் தன்னுடனே கொண்டுவரும் 'செர்ட்டிஃபை' பேக்கேஜைச் சார்பாகச் சேர்த்து, அது தரும் பாதையை லிப்கர்லுக்குக் கொடுப்பதுதான் நம்பகமான தீர்வு.

3.0 பதிப்பில் இயல்புக் கன்டெய்னர் மேனிலினக்ஸ் 2014இலிருந்து மேனிலினக்ஸ் 2_28க்கு மாறியது. முன்னது சென்ட்ஓஎஸ் 7, ஜிலிப்சி (லினக்ஸின் சி லைப்ரரி) 2.17, அதன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. பின்னது அல்மாலினக்ஸ் 8, ஜிலிப்சி 2.28. உபுண்டு 18.04இல் ஜிலிப்சி 2.27தான், ஆகவே புதிய வீல் அங்கே பொருந்தாது. பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் மூலநிரல் பொதியை இறக்கிக் கம்பைல் செய்யத் தொடங்கும். பயனர் அனுப்பும் புகாரில் 'கம்பைலர் இல்லை' என்றுதான் இருக்கும். 20.3க்கு முந்தைய பிப்புக்கு இந்தப் புதிய பெயரே புரியாது. கருவியின் பதிப்பைப் பூட்டி வைக்காமல் 'சமீபத்தியது' என்று விட்டிருந்தால், நம் பக்கம் ஒரு வரி மாறாமலே இது நடந்துவிடும். 'டூ-ரீசன்ட் வெர்ஷன்டு சிம்பல்ஸ்' என்று ஆடிட்வீல் மறுத்தால், யாரோ உபுண்டுவில் கம்பைல் செய்த லைப்ரரியைக் கன்டெய்னருக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். அதைக் கன்டெய்னருக்குள்ளேயே மூலத்திலிருந்து, பதிப்பையும் செக்சம்மையும் பூட்டி, மீண்டும் கட்ட வேண்டும்.

மேக்கில் ஆடிட்வீலின் பொறுப்பு டெலோகேட் என்ற கருவியுடையது. பொதுவாக நன்றாக நடக்கும், ஒன்றைத் தவிர. மேக்கின் பொதி மேலாளரான ஹோம்ப்ரூவிலிருந்து எடுத்த லைப்ரரி, கட்டும் கணினியின் மேக்ஓஎஸ் பதிப்புக்கென்றே கம்பைல் ஆனது. நம் வீல் பழைய மேக்ஓஎஸ்ஸிலும் ஓடும் என்று அறிவித்திருந்தால் டெலோகேட் பிழை காட்டி நின்றுவிடும். அது நின்றுவிடுவது நல்லதுதான். இலக்குப் பதிப்பை உயர்த்திச் சமாளிக்கலாம், அல்லது சார்புகளை நாமே மூலத்திலிருந்து கட்டலாம். முதல் வழி சோம்பேறி வழி. பல நேரம் அதுவே போதும்.

விண்டோஸில் மதிப்பெண் குறைகிறது. 3.0இன் இயல்பு அமைப்பில் அங்கே பழுதுபார்க்கும் படியே கிடையாது. அதே வேலை செய்யும் டெல்வ்வீலை நிறுவி, கட்டளையை நாமே எழுத வேண்டும். எழுதாவிட்டால் 'டிஎல்எல் லோட் ஃபெயில்டு'. பைத்தான் 3.8 முதல் நீட்சி நிரலின் டிஎல்எல்களைப் 'பாத்' மாறியில் தேடுவதில்லை என்பதால் பழைய குறுக்குவழிகளும் பலிக்காது.

லினக்ஸ் ஆர்ம் வீல்களைக் கியூஎமு போலிச் சூழலில் கட்டினால் பல மடங்கு நேரம் பிடிக்கும். கிட்ஹப் ஆக்ஷன்ஸின் ஆறு மணி நேர வரம்பில் முட்டுவதும் உண்டு. 2025 முதல் பொதுக் களஞ்சியங்களுக்கு அசல் ஆர்ம் கணினி அங்கே இலவசமாகக் கிடைப்பதால் கியூஎமுவை விட்டுவிடலாம்.

அளவுக் கணக்கையும் முன்கூட்டியே போட வேண்டும். பைத்தான் பொதிகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ஒரு கோப்புக்கு 100 எம்பி, மொத்தப் புராஜெக்ட்டுக்கு 10 ஜிபி என்பது இயல்பு வரம்பு. 40 எம்பி வீல் 35 என்றால் ஒரு வெளியீடு 1.4 ஜிபி, ஏழு வெளியீட்டில் இடம் தீர்ந்தது. நிரல் பைத்தானின் வரையறுக்கப்பட்ட ஏபிஐக்குள் அடங்குமானால் பல பைத்தான் பதிப்புகளுக்கும் ஒரே கோப்பாகப் பொருந்தும் 'ஏபிஐ3' வீல் கட்டலாம், 35 வீல் 7 ஆகிவிடும். இதைச் சிஐபில்ட்வீல் அழகாகக் கையாள்கிறது. கீழ்ப் பதிப்பில் ஒருமுறை கட்டிவிட்டு, மேல் பதிப்புகளில் மறுபடி கட்டாமல் அதே வீலைச் சோதிக்கும்.

கருவி இலவசம்தான், ஆனால் கண்ணில் படாத செலவு ஒன்று உண்டு. உள்ளே வைத்த ஒவ்வொரு லைப்ரரிக்கும் இனி பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டியவர் வீலை வெளியிட்டவர்தான். 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற பட லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது இயங்குதளத்தைப் புதுப்பித்ததால் மட்டும் அதை உள்ளே வைத்திருக்கும் பில்லோ என்ற பைத்தான் பட லைப்ரரியின் பயனர்கள் தப்பவில்லை. லிப்வெப்பி 1.3.2 சேர்த்து பில்லோ 10.0.1 வந்தபோதுதான் வீலுக்குள் இருந்த நகல் மாறியது. மோதலும் வரலாம். வீலுக்குள் வந்த ஓபன்எஸ்எஸ்எல் (மறையாக்க லைப்ரரி) நகலும் பைத்தான் பயன்படுத்தும் நகலும் ஒரே செயல்முறையில் மோதிக் கவிழ்ந்ததால்தான் தரவுத்தள லைப்ரரியான சைகோபிஜி2, 2.8 பதிப்பிலிருந்து வீல்களை '-பைனரி' என்ற தனிப்பெயருக்கு மாற்றியது. உரிமத்தையும் பார்க்க வேண்டும். எஃப்எஃப்டிடபிள்யூ என்ற கணித லைப்ரரியின் உரிமம் ஜிபிஎல், எம்ஐடி உரிம லைப்ரரியின் வீலுக்குள் அது நுழைந்தால் அந்த வீலை ஜிபிஎல் நிபந்தனைப்படிதான் கொடுக்க முடியும். ஆடிட்வீல் இதைப் பற்றி எச்சரிக்காது.

சார்புகள் மூன்று நான்குக்குள் இருந்தால் சிஐபில்ட்வீலைத் தயங்காமல் எடுக்கலாம். ஜிடிஏஎல் (வரைபடத் தரவு லைப்ரரி) போல முப்பது லைப்ரரிகளை இழுத்து வருவது என்றால் கோண்டா-ஃபோர்ஜ் என்ற பொதிக் களஞ்சியம் பொருத்தம். அங்கே ஒவ்வொரு சார்பும் தனிப் பொதி, ஒன்றைத் திருத்தினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். ரஸ்ட் நிரல் என்றால் முதலில் அதற்கென்றே உள்ள மச்சுரின் கருவியைப் பாருங்கள்.

எடுப்பவர்கள் பதிவேற்றும் முன் செய்ய வேண்டியது: வீல் ஒரு ஜிப் கோப்புதான், திறந்து '.லிப்ஸ்' கோப்புறையில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். எதிர்பாராத பெயர் இருந்தால் கம்பைல் விருப்பங்களில் அதை அணைத்துவிட்டு மீண்டும் கட்டுங்கள். பிறகு, மேம்பாட்டுப் பொதி எதுவும் இல்லாத வெறும் டெபியன் கன்டெய்னரில் நிறுவி, தரவுக் கோப்பைத் தொடும் ஓர் அழைப்பும் எச்டிடிபிஎஸ் அழைப்பு ஒன்றும் செய்து பாருங்கள். பைபிஐயில் ஏற்றிய கோப்பை அழித்தாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. பழுதான ஒரே ஒரு வீலை மாற்ற வேண்டுமென்றால், பதிப்பு எண்ணை அப்படியே வைத்து வீல் பெயரில் பில்ட் எண் சேர்த்து ஏற்றலாம். பிப் அந்தப் புதியதைத் தேர்ந்தெடுக்கும்.