ஆர்ச்சர்ட் தெரு 97: மூர் குடும்பத்தின் வீட்டுக்குப் போவதற்கு முன்

நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், பிழைக்க வந்த குடும்பங்கள் வாடகைக்கு இருந்த பழைய அடுக்குமாடிக் கட்டடத்தையே காட்சியாக வைத்திருக்கும் டெனிமென்ட் மியூசியத்தில் டிக்கெட் எடுத்துவிட்டு நம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. நேரம் குறித்து, வழிகாட்டியோடு, சிறு குழுவாகத்தான் அழைத்துப் போவார்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஐரிஷ்காரர்களை அந்த ஊர் எப்படி நடத்தியது என்று பார்க்க ‘ஆஃப்டர் தி ஃபேமின்: 1869’ (பஞ்சத்துக்குப் பிறகு) சுற்றைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டடம் 1863ல் எழுந்தது. கட்டியவர் லூகாஸ் கிளாக்னர் என்ற ஜெர்மன் தையல்காரர். அந்த வட்டாரத்துக்கே அப்போது ‘குட்டி ஜெர்மனி’ என்று பெயர். உணவக வேலை பார்த்த ஜோசப் மூரும் மனைவி பிரிட்ஜெட்டும் 1869ல் இங்கே குடியிருந்தபோது அக்கம்பக்கமெல்லாம் ஜெர்மன் பேச்சுதான். பிழைக்க வந்தவர்களுக்கு நடுவிலும் அவர்கள் வேற்றாட்கள். பிரிட்ஜெட் என்ற பெயரையும் கவனியுங்கள். ஐரிஷ் வீட்டு வேலைக்காரி யாராக இருந்தாலும் ‘பிரிட்ஜெட்’, ‘பிடி’ என்று கூப்பிட்டுக் கேலி செய்த காலம் அது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை ஊர் வசவாக்கி வைத்திருந்தது.

கொல்லைப்புறத்தில் அவசரப்படாதீர்கள். அப்போது கழிப்பறை, தண்ணீர் எல்லாம் அங்கேதான். மாடியில் இருந்தவர்கள் சமைக்க, துவைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட ஒவ்வொரு வாளியாகத் தூக்கி ஏற வேண்டும். ஒரு வாளிக்குப் பத்து லிட்டர் என்றால் பத்துக் கிலோ. அதை மனதில் வைத்துக்கொண்டு அந்த இருட்டுப் படிக்கட்டில் ஏறிப் பாருங்கள்.

வீடு மூன்று அறை, மொத்தமே 325 சதுர அடி. தெருவைப் பார்த்த அறைக்கு மட்டும்தான் சரியான வெளிச்சம். சாவு வீடாகவே அதை அமைத்திருக்கிறார்கள். கைக்குழந்தை ஆக்னஸ் 1869ல் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்துபோனாள். சாராய ஆலைக் கழிவைத் தின்ற மாடுகளின் பாலில் தண்ணீரும் சுண்ணாம்புத் தூளும் கலந்து விற்ற ஊர் அது. ஏழை வீட்டுக் குழந்தைக்குக் கிடைத்தது அதுதான். வெறுப்பு வசைச்சொல்லோடு நிற்பதில்லை, குழந்தையின் பால் கிண்ணம் வரை வந்துவிடும் என்பதை இந்த அறை காட்டுகிற அளவுக்கு வேறெதுவும் காட்டாது.

அச்சில் வந்த வெறுப்பைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது. தாமஸ் நாஸ்ட் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ வார இதழில் ஐரிஷ்காரர்களைக் குரங்கு முகத்தோடு வரைந்த கேலிச்சித்திரங்களைத் தேடிப் பாருங்கள். ‘ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்ற வேலை அறிவிப்பு பெரும்பாலும் கட்டுக்கதை என்று ரிச்சர்ட் ஜென்சன் என்ற வரலாற்றாசிரியர் 2002ல் எழுதினார். 2015ல் ரெபெக்கா ஃப்ரீட் என்ற பள்ளி மாணவி பழைய செய்தித்தாள்களிலிருந்து அப்படிப்பட்ட விளம்பரங்களை வரிசையாக எடுத்து வைத்து அதை மறுத்தார். இது தெரிந்திருந்தால் வழிகாட்டியிடம் கேட்பதற்கு நல்ல கேள்விகள் கிடைக்கும். கேட்கத் தயங்காதீர்கள், சுற்றின் தரம் பாதி அதில்தான் இருக்கிறது.

ஐரிஷ் சுற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கதை பாதியில் நிற்கும். 1863 ஜூலையில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து எழுந்த கலவரத்தில் கறுப்பினத்தவரைத் தாக்கிய கூட்டத்தில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தையே கொளுத்தினார்கள். அடிபட்டவர்கள் தங்களுக்கும் கீழே ஒருவரைத் தேடிய கதை அது. அதனால் ‘எ யூனியன் ஆஃப் ஹோப்: 1869’ சுற்றையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். அதன் நாயகன் பெயரும் ஜோசப் மூர்தான், கறுப்பினத்தவர், அவரும் உணவகப் பணியாளர். அக்கால நகர முகவரிப் புத்தகத்தில் இரண்டு ஜோசப் மூர்களும் அடுத்தடுத்த வரியில் இருக்கிறார்கள். ஒருவர் பெயரோடு மட்டும் கறுப்பினத்தவர் என்று காட்டும் சுருக்கக் குறி. ஐரிஷ் மூருக்கு அந்தக் குறி இல்லை.

டிக்கெட் வாங்குவது 103 ஆர்ச்சர்ட் தெருவில். கிளம்புவதற்குள் கழிப்பறைக்கும் அங்கேயே போய்விடுங்கள். 97ஆம் எண் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால், எந்தச் சுற்றில் எத்தனை மாடி ஏற வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டெலன்சி–எசெக்ஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். இரண்டு சுற்றையும் ஒரே நாளில் வைத்தால் ஐரிஷ் சுற்று முதலில் வரட்டும், நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.