கோட்டாறு லேத் பட்டறை: இரும்பு வேலைக்கு நம்பிப் போகலாம், பெயின்ட் வேலையைக் கொடுத்துவிடாதீர்கள்

நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்துக்குப் பின்னால் போர்டே இல்லாத ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பழைய புல்லட், ஜாவா வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் வாசலில் கிடக்கும் பம்புசெட் சாமான்களைப் பார்த்துவிட்டு மோட்டார் ரிப்பேர் கடை என்று தாண்டிப் போய்விடுவார்கள். நான் கொடுத்த வேலை கொஞ்சம் விசித்திரமானது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் என் அத்தான் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கிடந்த ரிக்குவோவை வாங்கி மூன்று வருடமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ரிக்குவோ என்பது இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் ஓட்டிய, சைடுகார் வைத்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிள். 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கி மலாயாவைப் பிடித்தார்களே, அந்தப் படை விட்டுப்போன வண்டி என்று விற்றவர் சொன்னாராம், அதற்குச் சீட்டு ஒன்றும் கிடையாது. ராணுவத்துக்கு மட்டும் சுமார் 18,000 வண்டி போயிருக்கிறது, இன்றைக்கு ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம், ஸ்பேர் பார்ட்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே ஒரு பட்டறையில் கேட்ட கூலியைப் பார்த்து மிரண்டுபோய், லீவுக்கு ஊருக்கு வந்தபோது சாமான்களை லுங்கியில் சுற்றிப் பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிட்டார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, கிரீஸ் நாற்றத்தில் அந்த ஆபீசரே மூடச் சொன்ன கதை தனி.

கொண்டுவந்தது மூன்று: நான்கு வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்), பல்லோடு பல் கோத்து சைடுகார் சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்கும் டாக் கிளட்ச், பெட்ரோல் டாங்க்கின் ஒரு பாதி (இந்த வண்டியில் டாங்க் இரண்டு பாதியாக வரும்).

பட்டறைப் பெரியவர் முதலில் செய்த காரியத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சாமானைத் துடைத்து, மரை அளக்கும் த்ரெட் கேஜை எடுத்து மரை மேல் ஒவ்வொரு இலையாக வைத்துப் பார்த்தார். "மக்கா, ஜப்பான்காரன் சாமான்னு சொன்ன, இது இஞ்சுல இருக்கேடே" என்றார். அத்தான் அதுவரை எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் அளந்து குறித்து வைத்திருந்தார். விஷயம் என்னவென்றால், ரிக்குவோ அடிப்படையில் ஹார்லி டேவிட்சன். அமெரிக்கக் கம்பெனியிடம் உரிமம் வாங்கி, வரைபடங்களையும் அங்கிருந்தே வரவழைத்து, 1930களில் சாங்கியோ என்ற ஜப்பான் கம்பெனி செய்த வண்டி. படம் இஞ்சில் இருந்தால் மரையும் இஞ்சில்தானே இருக்கும். பழைய புல்லட்டில் கை பழகியவருக்கு இஞ்சு மரை ஒன்றும் புதிதில்லை. வண்டி 97 மாடல் என்று பேச்சு வந்ததும் லேத்தில் நின்ற பையன் மட்டும், "97 மாடல்னா நம்ம ஸ்பிளெண்டர் காலந்தானே அண்ணே" என்று கேட்டான். அந்த 97 ஜப்பான் அரச வருடம் 2597-இன் கடைசி இரண்டு எண், நம் கணக்கில் 1937.

வால்வு கைடு சுலபமாக முடிந்தது. இது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய டிசைன், ஹெட் என்பது வெறும் மூடிதான். வால்வுத் தண்டை அளக்காமல் கைடு கடைய மாட்டேன் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்ததால் அத்தான் திரும்பிப் போனதும் நான்கு வால்வையும் கூரியரில் அனுப்பினார். காஸ்ட் அயர்னில் கடைந்து கொடுத்தார்கள், ஒன்றுக்கு 600 ரூபாய்.

டாக் கிளட்ச்தான் பெரிய வேலை. சேற்றில் மாட்டிக்கொண்டால் இதைக் கோத்துவிட்டு மூன்றாவது சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுப்பார்கள், நல்ல ரோட்டில் விலக்கிவிடுவார்கள். பாதி கோத்தும் கோக்காமலும் ஓட்டியதில் பற்களின் முனை கூழாங்கல் மாதிரி உருண்டுபோயிருந்தது. பெரியவர் நேரடியாக ஈஎன் 24 என்ற உறுதியான இரும்பில் கை வைக்கவில்லை. சாதா இரும்பில் ஒன்றைக் கடைந்து, பழைய ஜோடியின் பல்லில் மார்க்கிங் நீலம் தடவி, இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் காட்டினார். புதிதின் ஆறு பல்லில் நான்கில்தான் நீலம் ஒட்டியிருந்தது, இரண்டு பல் சுத்தமாக வெள்ளையாக நின்றது. அந்த இரண்டும் சும்மா நிற்க, மொத்த பாரமும் நான்கின் மேல் விழும், கொஞ்ச நாளில் அதுவும் உடையும். அரத்தால் தொட்டுத் தொட்டு ஆறிலும் நீலம் வரும்வரை விடவில்லை, அதற்கே ஒரு பகல் போனது. அப்புறம் அந்தச் சாம்பிளை ஈப்போவுக்கு அனுப்பி ஷாஃப்டில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் நிஜ சாமான். சூடாக்கிக் கடினப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குக் கோயம்புத்தூர் அனுப்பினார்கள். சூட்டில் அளவு கொஞ்சம் மாறும் என்பதால் உள் துளையில் மிச்சம் விட்டு, வந்த பிறகு கிரைண்டிங். மொத்தம் 9,500 ரூபாய். கொடுத்த காசுக்கு மேலேயே வேலை இருக்கிறது.

சொன்ன நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். மூன்று வாரம் என்றார்கள், ஆனது நாலரை மாதம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடியட்டும் என்றார்கள், முடிந்தது. சுசீந்திரம் தேர் ஓடட்டும் என்றார்கள், அதுவும் ஓடி நிலைக்கு வந்தது. போனை எடுக்கவே மாட்டார்கள், நேரில் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால்தான் வேலை நகரும்.

இனி வயிற்றெரிச்சல். டாங்க்கில் துருவேறி ஊசித்துளைகள் விழுந்திருந்தன. அதை அடைத்துத் தந்தால் போதும் என்றுதான் சொன்னேன், அதைப் பித்தளை உருக்கி ஒட்டி (பிரேஸிங்) நன்றாகவே செய்தார்கள். ஆனால் யாரிடமும் கேட்காமல் பக்கத்திலிருந்த பெயின்டரிடம் கொடுத்து, தேய்த்து, பட்டி போட்டு, பளபளவென்று பச்சை அடித்து வைத்துவிட்டார்கள். டாங்க்கின் அடிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பெயின்ட் மிச்சமிருந்தது, காய்ந்த புல் மாதிரி பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். வண்டி முழுவதற்கும் அதை வைத்துத்தான் நிறம் பிடிக்க வேண்டும் என்று அத்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. பெரியவரிடம் சொன்னால், "துருவோட குடுத்தா கடைக்கு மானக்கேடு இல்லையாடே" என்கிறார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் நியாயம்தான், அதனால் சண்டையும் போட முடியவில்லை. பெயின்டுக்கான 2,500-ஐ மட்டும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

போகிறவர்கள் காலையில் பத்தரைக்கு மேல் போங்கள், ஞாயிறு லீவு. எதைத் தொடக் கூடாதோ அதைச் சாக்பீஸால் சாமான் மேலேயே எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னது சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். அத்தான் மே மாதம் கியர்பாக்ஸ் சாமானோடு வருகிறார், இதே பட்டறைக்குத்தான் கொண்டுபோகிறோம். டாங்க்கின் மற்ற பாதி ஈப்போவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.