காணாமல் போன தொப்பியும் ஐந்து கட்டை ஹம்மும்

வீட்டில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக்காட்டலாம் என்று மூன்று வருடங்களுக்கு முன் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வாங்கினேன். அதன் பின்பக்கம் இரண்டு பேலன்ஸ்டு அவுட்புட், கால் இஞ்ச் டிஆர்எஸ் ஜாக்; அதாவது நுனி, நடு வளையம் என்று சிக்னலுக்கு இரண்டு முனை, கூடவே கிரவுண்ட். வீட்டில் ஏற்கெனவே இருந்த மானிட்டர் ஸ்பீக்கர் ஜோடியிலோ ஆர்சிஏ மட்டும்தான், அதாவது சிக்னலுக்கு ஒரே முனை உள்ள அன்பேலன்ஸ்டு. ஒரு கேபிள் வாங்கினால் முடிந்துவிடும் வேலை என்று நினைத்தேன். முழுசாகத் தீர ஒரு வருடம் ஆனது.

முதல் தப்பு என்னுடையது. ஒரு பக்கம் டிஆர்எஸ், மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ பின் உள்ள ஒய் கேபிள் ஒன்றை சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்து, இன்டர்ஃபேஸின் இடது அவுட்புட்டில் செருகி, இரண்டு பின்களையும் இரண்டு ஸ்பீக்கருக்கும் கொடுத்தேன். சத்தம் வந்தது. ஆனால் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் இடது முகத்து ஒலி, இல்லை. வலது முகமான வலந்தலையின் மீட்டு, சாப்பு எல்லாம் கணீரென்று கேட்கிறது. இடது கையில் வரும் ஆழ்ந்த ஒலியான கும்கி மட்டும் யாரோ துடைத்து எடுத்த மாதிரி காணவில்லை. நாற்காலியை ஓரமாக நகர்த்தினால் கொஞ்சம் கேட்கும், நடுவில் உட்கார்ந்தால் போய்விடும். ஸ்பீக்கர் சின்னது, அவ்வளவுதான் வரும் என்று இரண்டு வாரம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அந்தக் கேபிள் ஹெட்போன் ஜாக்குக்கு ஆனது. ஹெட்போன் ஜாக்கில் நுனி இடது சேனல், நடு வளையம் வலது சேனல். பேலன்ஸ்டு அவுட்புட்டில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலும் இரண்டிலும் இருப்பது ஒரே சிக்னல், வளையத்தில் வருவது மட்டும் தலைகீழ். ஆக ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வரும்போது மற்றது பின்னால் போயிருக்கிறது. அலைநீளம் அதிகமான தாழ்ந்த ஒலிகள்தான் இதில் ஒன்றையொன்று அதிகம் அழித்துக்கொள்ளும். ஒய் கேபிளைப் பேலன்ஸ்டு அவுட்புட்டில் செருகவே செருகாதீர்கள்.

அடுத்து, தனித்தனியாக இரண்டு கேபிள் வாங்கினேன். ஒரு முனை டிஎஸ், மறுமுனை ஆர்சிஏ. தொப்பி திரும்பி வந்தது. அப்புறம்தான் வேறொரு சந்தேகம்: டிஎஸ் பிளக்கில் நடு வளையம் கிடையாது, அதனால் அது அவுட்புட்டின் தலைகீழ் முனையை நேராக கிரவுண்டில் இணைத்துவிடுகிறது. இது சரியா?

அது உள்ளே இருக்கும் சர்க்யூட்டைப் பொறுத்தது. சில கருவிகளில் வளையத்தில் சிக்னலே இருக்காது, வெறும் ரெசிஸ்டர்தான். அங்கே ஒரு கெடுதலும் இல்லை. சிலவற்றில் ஒரு முனையை கிரவுண்ட் செய்தால் மறுமுனை தன் அளவைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளும். மூன்றாவது வகையில் இரண்டு முனைக்கும் தனித்தனி ஆம்ப். அதில் ஒன்றை கிரவுண்டில் இணைத்தால் அது வீணாக முக்கிக்கொண்டிருக்கும், சத்தம் அதிகமானால் பிசிறும் வரலாம். அந்த வகைக்கு வளையத்தை எங்கும் தொடாமல் விட்டுவிடுவதுதான் சரி. அவுட்புட் எக்ஸ்எல்ஆராக (மூன்று பின் உள்ள வகை) இருந்தால் இரண்டாம் பின் ஆர்சிஏவின் நடுமுனைக்கு, முதல் பின் ஷீல்டுக்கு (கம்பியைச் சுற்றிய உலோக உறை), மூன்றாம் பின்னை என்ன செய்வது என்பது கருவியின் மேனுவலில் இருக்கும். என் மேனுவல் டிஎஸ் செருகலாம் என்றே சொன்னது. ஒரு முனை மட்டும் வேலை செய்வதால் 6 டெசிபல் குறையும், அவ்வளவுதான்.

குறைந்தால்கூட அளவு தாராளம். ஸ்டுடியோக் கருவிகளின் வழக்கமான அளவு +4 டிபியூ, அதாவது சுமார் 1.23 வோல்ட். வீட்டு ஆர்சிஏ கருவிகள் எதிர்பார்ப்பது -10 டிபிவி, சுமார் 0.32 வோல்ட். ஸ்பீக்கரின் வால்யூமை முழுசாக வைத்துவிட்டு இன்டர்ஃபேஸின் குமிழை மயிரிழை திருப்பினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. குமிழின் அந்த ஆரம்பப் பகுதியில் இடமும் வலமும் சமமாக இருக்காது என்பது வேறு தொல்லை. ஸ்பீக்கர் வால்யூமைக் கால்வாசிக்கு இறக்கியதும் குமிழ் நடுப்பகுதியில் வேலை செய்தது, பின்னணியில் இருந்த உஸ் சத்தமும் அடங்கியது. செலவே இல்லாமல் கிடைத்த பெரிய முன்னேற்றம் இது ஒன்றுதான்.

மிச்சம் இருந்தது ஹம், ஸ்பீக்கரில் ஓயாமல் கேட்கும் ரீங்காரம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. ஐந்து கட்டை சுருதியின் (மேற்கத்திய முறையில் ஜி) ஷட்ஜம் கீழே இறங்கி வந்தால் 98 ஹெர்ட்ஸ். அதாவது என் ஸ்பீக்கர் ஐந்து கட்டைக்குச் சற்று ஏறினாற்போல் நாள் முழுக்க சுருதி போட்டுக்கொண்டிருந்தது. ஐந்து கட்டையில் சேர்த்த மிருதங்கத்தைப் பதிவு செய்துவிட்டுக் கேட்டால் காது கூசும்.

கேபிள்தான் காரணம் என்று விலை கூடிய கேபிளுக்கு மாறினேன். இம்மியும் மாறவில்லை. ஒரு நாள் தற்செயலாக, இன்டர்ஃபேஸோடு இணைந்திருந்த லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினேன், ஹம் நின்றுவிட்டது. சார்ஜருக்கும் மூன்று பின், ஸ்பீக்கருக்கும் மூன்று பின், இரண்டும் வெவ்வேறு சுவரில். எர்த் கம்பி ஒரு வழி, ஆடியோ கேபிளின் ஷீல்டு இன்னொரு வழி என்று ஒரு வளையம் உருவாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் சிக்னலோடு கலந்திருக்கிறது. அன்பேலன்ஸ்டு கேபிளில் ஷீல்டேதான் சிக்னல் திரும்பும் வழியும். அதனால் அதில் வரும் எந்த அழுக்கும் ஒலியாகவே கேட்கும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றியதும் பெரும்பகுதி குறைந்தது.

ஸ்பீக்கரின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொன்னார் தெரிந்த ஒருவர். ஹம் போகும்தான். உள்ளே எங்காவது ஒயர் விட்டு பாடியில் பட்டால், தொடுகிறவர் கையில்தான் 230 வோல்ட் இறங்கும். பிள்ளைகள் வந்துபோகிற அறை. மறுபேச்சில்லை.

கடைசியில் இரண்டு சேனல் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்று வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மரில் சிக்னல் காந்தப்புலம் வழியாகக் கடக்கும், கிரவுண்டுகள் ஒன்றோடொன்று தொடாது. முதலில் வாங்கிய மலிவுப் பெட்டியில் ஹம் போனது, கூடவே அழுத்தி வாசித்த கும்கி மழுங்கியது. சின்ன இரும்பு உள்ளகம் தாழ்ந்த ஒலியில் சீக்கிரம் திணறிவிடும். இரண்டாவது பெட்டி நாலு மடங்கு விலை. தொப்பி தொப்பியாகவே வருகிறது.

வைக்கும் இடமும் முக்கியம். இன்டர்ஃபேஸிலிருந்து மூன்று மீட்டர் பேலன்ஸ்டு கேபிள், ஸ்பீக்கருக்குப் பின்னாலேயே பெட்டி, அங்கிருந்து அரை மீட்டர் ஆர்சிஏ. நீளமான ஓட்டம் முழுதும் பேலன்ஸ்டு, இடையூறு வாங்கக்கூடிய பகுதி முழங்கை அளவுதான். அவுட்புட்டின் இரண்டு முனையும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போவதால் டிஎஸ் கவலையும் தீர்ந்தது.

இரண்டு வருடமாக இந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. பராமரிப்பு என்றால், கடல் காற்றில் ஆர்சிஏ பின்கள் கறுத்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை செருகி எடுத்தால் சரியாகிவிடும். புதிதாக ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் பேலன்ஸ்டு இன்புட் உள்ளதாகவே வாங்குங்கள், இரண்டு பெட்டிக்கு நான் கொடுத்த காசு மிஞ்சும்.

டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியால் ஆகாதது ஒன்று உண்டு. மின்தடை வந்து எங்கள் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டால், ஸ்பீக்கருக்குள் இருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மரே உறுமும். அப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பதிவில் காட்ட நினைத்த சொல்லை மிருதங்கத்திலேயே வாசித்துக் காட்டிவிடுகிறேன்.